ஏப்பச் சட்டி

கோழி அப்போது பொம்பளைகள் சங்கதி. என் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிப்பீ காலில் பட்டால் ஆம்பளை கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். முட்டை விற்ற சில்லறை பொம்பளையின் சுருக்குப் பையில் கிடக்கும். அதை ஆம்பளை கேட்க மாட்டார். கேட்பது கேவலம்.

இப்போது நாமக்கல் பக்கம் கோழி ஆம்பளைகள் சங்கதி. எப்போது கை மாறியது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் மாறியது எனக்குத் தெரியும். ஒரு மார்கழி, ஒரு தை. அதற்குள் மாறிவிட்டது.

என் தம்பியின் பண்ணை ஆபீசில் அப்பாவின் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தகர டப்பா ஒன்று, தகரத் தட்டில் கவிழ்த்தபடி. குஞ்சுக்குத் தண்ணீர் வைப்பது. அப்பா கண்டுபிடித்தது என்று வருகிறவர்களுக்குத் தம்பி காட்டுவான். காலேஜ் பிள்ளைகள் போட்டோ பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த டப்பாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அத்தை அப்பாவுக்கு இளையவள். கிணறு வெட்டும்போது வெடி சீக்கிரம் வெடித்து மாமா போய்விட்டார். பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். அங்கே படுப்பாள். சாணி அள்ளுவாள், தண்ணீர் கட்டுவாள், பருத்திமார் சுமப்பாள். சாப்பாட்டு நேரத்தில் வட்டலை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்காருவாள். அம்மா வார்த்தையால் கொட்டுகிறவள் இல்லை. ஆனால் இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்கிறவளும் இல்லை.

அத்தைக்கு வாய் உண்டு. அந்த வாய் அப்பாவுக்கு ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது.

ஐப்பசியில் தீவனக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளில் வருவார். கம்பெனித் தீவனம் விற்பவர். சீமைக் கோழி என்று ஒன்று இருக்கிறது, வெள்ளையாக இருக்கும், அடை காக்காது, வருசம் முழுக்க முட்டை போடும் என்றார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, கோழி வளக்கறது உனக்குத்தான் கைவரும். குஞ்சு எறக்கறேன். நீ ஆளாக்கிக் காட்டு. கெணத்து மேட்டுல உனக்குன்னு ஒரு கொட்டாய் போட்டுத் தர்றேன். அதுல வர்றத நீ வெச்சுக்க. ஆருகிட்டயும் கை ஏந்த வேண்டாம்."

அத்தை தீவனக்காரரைப் பார்த்தாள். "ஏனுங்க, உங்க காதுல உழுந்துச்சுங்களா? நாளைக்கு எங்கண்ணன் இல்லைன்னு சொன்னா நீங்கதானுங்க சாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

கிணற்று மேடு கல்லும் கொழிஞ்சியுமாகக் கிடந்த துண்டு நிலம். அன்றைக்குச் சாயங்காலமே அத்தை அங்கே போய்க் கல் பொறுக்க ஆரம்பித்தாள். சேலை முந்தியில் கட்டிக்கட்டிக் கொண்டுபோய் வரப்பில் கொட்டினாள். அவளுக்கு வேண்டியது அதுதான். அடுப்படி வாசலில் வட்டலோடு உட்காராத ஒரு நாள்.

குஞ்சு பஸ் மேல் வந்தது. அட்டைப் பெட்டி, பக்கத்தில் எல்லாம் ஓட்டை. பெட்டியில் காது வைத்தால் ஓலைக் கூரையில் மழை விழுகிற மாதிரி சத்தம். திறந்தால் எல்லாம் மஞ்சள்.

"வெள்ளைன்னாங்க. உங்கண்ணன் தலையில மஞ்சளக் கட்டீட்டாங்க" என்றாள் அம்மா. அத்தை அவ்வளவு சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாட்டுக் கோழிக் குஞ்சுக்குத் தாய் இருக்கும். இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். இவற்றுக்குத் தாய் இல்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைத் தட்டி வைத்து அடைத்தார்கள். கீழே கடலைத் தோல் பரப்பினார்கள். இரும்புச் சட்டியில் கரி நெருப்பு. வட்டலில் தண்ணீர். தீவனக்காரர் சொன்னபடியே எல்லாம் செய்தார்கள்.

மார்கழிப் பனி கூரை வழியாக இறங்கியது. விடிந்து பார்த்தால் மூலையில் குஞ்சுகள் குவியலாக இருந்தன. மேலே நின்றவை கத்தின. கீழே கிடந்தவை தட்டையாகிவிட்டன. தண்ணீர் வட்டலுக்குள் இறங்கியவை நனைந்து சிறகு ஒட்டி, எலிக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தன. அவையும் வெயில் ஏறுவதற்குள் போயின.

செத்த குஞ்சைப் பொறுக்குவது என் வேலை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கூடையில் எடுத்துப் போய்த் தென்னம்பிள்ளைக் குழியில் போடுவேன். கூடை நிறைந்திருக்கும். ஆனால் கனமே இருக்காது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது கனக்க வேண்டும் என்று இருந்தது.

"உன்னால ஆவாதாட்ட இருக்குது" என்றார் அப்பா.

அத்தை கரியைக் கிளறிவிட்டாள். நெருப்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் மலைக்காரி வந்தாள். கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு இறங்குகிறவள். மிளகு, தேன், மூங்கில் கூடை கொண்டுவருவாள். போகிற வழியில் மாடு கட்டுகிற எங்கள் கட்டுத்தரைப் புளியமரத்தடியில் சுமையை இறக்கி இளைப்பாறுவாள். நாங்கள் தண்ணீர் கொடுப்போம். வீட்டுக்குள் யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் வந்ததில்லை.

அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் இப்படி மூலையில அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"அப்புறம் எங்க அடைக்கிறது, உம் மடியிலயா?" என்றாள் அத்தை.

"மூலைய எடுத்துரு. குளிருனா எந்தக் குட்டியும் மூலைக்குத்தான் போவும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடியில கெடக்கறது சாவும். வட்டமா அடை. போக எடமில்லாம சுத்திக்கிட்டே கெடக்கும். எங்க ஆட்டுக்குட்டிய நாங்க மூலையில விடறதே இல்ல. மலைக் குளிரு உங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுப் போகவில்லை. தான் விற்கக் கொண்டுவந்த கூடையைப் பிரித்தாள். அந்தத் தப்பைகளையும் எங்கள் பழைய தட்டியையும் சேர்த்து வளைத்துக் கட்டினாள். அத்தை பிடித்துக்கொண்டாள். நடுவில் நெருப்புச் சட்டி, சுற்றிலும் குஞ்சு. முழங்கால் உயரத்தில் ஒரு வட்டம். முடியும்போது உச்சி வெயில். சந்தை பாதி கலைந்திருக்கும். அத்தை அவளுக்கு ஒரு வட்டல் கம்மஞ்சோறு போட்டாள். புளியமரத்தடியில் வைத்து.

மறுநாள் குவியல் இல்லை. குஞ்சுகள் நெருப்பைச் சுற்றி மஞ்சள் வளையம் மாதிரிப் படுத்திருந்தன.

தண்ணீர்தான் பாக்கி. வட்டலில் கல் போட்டுப் பார்த்தாள் அத்தை. கல்லில் ஏறி நின்று பேண்டு வைத்தன. தேங்காய்த் தொட்டியில் வைத்துப் பார்த்தாள். கவிழ்த்துவிட்டன.

ஒரு நாள் கட்டுத்தரையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். வாய் ஓரம் உடைந்த பழைய பருப்புச் சட்டி. நான் பக்கத்தில் இருந்தேன். கழுவிய தண்ணீரோடு அதை வட்டலில் டக்கென்று கவிழ்த்துவிட்டு, கத்திய கன்றுக்குட்டியைப் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தால் சட்டியின் தண்ணீர் கொட்டிப் போகவில்லை. வட்டலில் கொஞ்சம் நின்றது. மீதி சட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு நாட்டுக் கோழி வந்து குடித்தது. வட்டலில் தண்ணீர் குறைந்ததும் சட்டிக்குள்ளிருந்து 'குபுக்' என்று ஒரு சத்தம். குடித்த அளவு தண்ணீர் வெளியே வந்தது. பிறகு நின்றுகொண்டது.

அத்தை குத்தவைத்து அதையே பார்த்தாள். விரலால் தண்ணீரை வழித்து எறிந்தாள். குபுக். மறுபடி எறிந்தாள். குபுக்.

"பாரு சாமி" என்றாள் என்னிடம். "சட்டி ஏப்பம் உடுது."

அன்று முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. அம்மா திட்டினாள். அத்தைக்குக் கேட்கவில்லை. வேறு ஒரு சட்டியின் வாயை அம்மிக் குழவியால் தட்டி உடைத்தாள். உடைப்பு பெரிதாகிவிட்டது. கவிழ்த்ததும் தண்ணீர் முழுக்க வழிந்து கட்டுத்தரை நனைந்தது. இன்னொன்றில் சின்னதாக உடைத்தாள். நின்றது. கடைசியில் பிடிபட்டுவிட்டது. என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் காட்டினாள்.

"ஒடப்பு வட்டல் வெளிம்புக்குக் கீழ இருக்கோணும். இருந்துச்சுன்னா தண்ணி அதை மூடிக்கும், நின்னுக்கும். மேல போச்சுன்னா மூடாது. அத்தனையும் கொட்டிப் போயிரும். தெரிஞ்சுதா?"

தெரிந்தது. குழந்தைக்கும் தெரிகிற விசயம்தான். பார்க்கிற வரைக்கும்தான் யாருக்கும் தெரியாது.

வட்டலுக்கும் சட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் சந்துதான் இருந்தது. குஞ்சு தலையை நீட்டலாம். இறங்க முடியாது. அதற்கப்புறம் என் கூடைக்கு வேலை இல்லை. நாங்கள் அதை ஏப்பச் சட்டி என்றோம்.

மார்கழி பாதியில் தீவனக்காரர் வந்தார். சாகாமல் நிற்கிற குஞ்சுகளைப் பார்த்தார். வட்டத் தட்டியைப் பார்த்தார். சட்டியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்பிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதாருங்க பண்ணுனது?"

"நம்மூட்டுலதானுங்க" என்றார் அப்பா.

அத்தை கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றாள். "அண்ணா, நான் பண்ணுனதுன்னு சொல்லுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

"ஆமாமா" என்றார் அப்பா. "தண்ணி ஊத்தறது எல்லாம் எம் பொறந்தவதானுங்க."

தீவனக்காரர் வட்டத் தட்டியைக் காட்டினார். "இதுங்க?"

"அதுவும் நான் கட்டுனதுதானுங்க" என்றாள் அத்தை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் மலைக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். குஞ்சுகளுக்கு வெள்ளை இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"நான் சொன்னது நடந்துச்சா?" என்றாள் மலைக்காரி. முகம் எல்லாம் சிரிப்பு.

அத்தைக்கு அந்தப் பொம்பளைகள் முன்னால் அது பிடிக்கவில்லை. "நீ சொல்லித்தான் நாங்க ஆடு மாடு அடைக்கப் பழகோணுமாக்கும்" என்றாள். பொம்பளைகள் சிரித்தார்கள்.

மலைக்காரி திரும்பி மரத்தடிக்குப் போனாள். சுமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் புளியமரத்தடியில் இறக்கவில்லை. அடுத்த தோட்டத்து வேம்படிக்குப் போய்விட்டாள்.

தீவனக்காரர் போகிற ஊரெல்லாம் சொன்னார் போல. ஆட்கள் பார்க்க வந்தார்கள். வண்டி கட்டி வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள். அப்பா கட்டில் போட்டு உட்காரவைத்துப் பேசினார். முதலில் 'நம்மூட்டுல' என்றார். பிறகு 'நாங்க யோசிச்சோம்' என்றார். பொங்கல் வருவதற்குள் 'நான் ஒரு நாளு ஒக்காந்து யோசிச்சேனுங்க' என்றார். வந்தவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவள் அத்தை.

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. தராசில் ஒரு பிடி கூடப் போடுகிறவர். இப்போது யோசித்தால் எனக்கு அதுதான் ஆறவில்லை. பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன் வீட்டில், தன் சட்டியில், தன் சோற்றைத் தின்கிறவள் செய்தது தான் செய்தது என்றுதான் நினைத்தார். மாடு உழுததை யாரும் மாடு உழுதது என்றா சொல்கிறார்கள்.

திருச்செங்கோட்டில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அத்தை தானும் வருகிறேன் என்றாள்.

"நாலு பேரு கூடற சபைக்கு வெள்ளைச் சீலையோடயா?" என்றார் அப்பா.

"கோழிக்கு இந்த வெள்ளைச் சீலை ஆச்சு. சபைக்கு ஆவாதா?"

"போச்சாது உடு அம்மிணி" என்று அம்மா நடுவில் வந்தாள்.

"நான் வரலை நங்கை" என்றாள் அத்தை அம்மாவிடம். " எம் பேரச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மாலையோடு வந்தார். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய பெரிய மாலை. சந்தோசமாக இருந்தார். எனக்குப் பொரியுருண்டை வாங்கி வந்திருந்தார். கட்டுத்தரையில் நின்ற கன்றுக்குட்டியின் கழுத்தில் மாலையைப் போட்டார். விளையாட்டுக்குத்தான்.

அத்தை கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவினாள். "நீயாடி பண்ணுன?" என்றாள் அதனிடம்.

பொங்கல் முடிந்ததும் கிணற்று மேட்டில் கொட்டாய் எழும்பியது. பனங்கை, கீற்று, இடுப்பளவு மண் சுவர். அத்தை பொறுக்கி வரப்பில் கொட்டிய கல்தான் அஸ்திவாரத்துக்குப் போனது. அவள்தான் மண் மிதித்தாள். அவள்தான் தரை மெழுகினாள். கொட்டாய் தனக்கு என்று அவள் நம்பினாள். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

புதுக் குஞ்சு நிறைய வருகிறது, மண் சட்டி சபைக்கு நன்றாக இருக்காது என்று அப்பா தகரக்காரரிடம் சொல்லிவிட்டார். சிம்னி விளக்கும் புனலும் செய்கிறவர். சட்டியை அவர் பார்த்ததில்லை. அப்பா வாயால் சொன்னதுதான். டப்பாவும் தட்டுமாக வண்டியில் வந்து இறங்கின. வெயிலில் பளபளத்தன.

நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, பால் காய்ச்சிக் குஞ்சு விடுவதாக ஏற்பாடு. தீவனக்காரர் வந்தார். உறம்பரை சனம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். அம்மா முதல் நாளே அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

"பொழுதோட, வெயில் சாஞ்சப்புறம் வந்துக்கலாம் அம்மிணி. வெளக்கு வெச்சுப் பால் காச்சற எடம். உனக்கே தெரியும்."

அத்தைக்குத் தெரியும். தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாது. அதை அத்தையே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சாய்ப்புக்குள் உட்கார்ந்துகொண்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

"சாமி, ஓடிப் போயி அந்த டப்பாவுல ஓட்டை எங்கிருக்குதுன்னு பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஓட்டை தட்டு விளிம்புக்கு மேலே இருந்தது. என் விரல் இரண்டு அளவு மேலே. ஓடி வந்து சொன்னேன். அத்தையின் முகம் மாறியது.

"உங்கப்பங்கிட்டப் போயிச் சொல்லு. தண்ணி நிக்காது, கொட்டீரும், குஞ்சு நனையும்னு சொல்லு. அத்தை சொல்லுச்சுன்னு சொல்லாத."

போய்ச் சொன்னேன். அப்பா பட்டு வேட்டியில் இருந்தார். தகரக்காரரைப் பார்த்தார். தகரக்காரர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"ஓட்டை மேல இருந்தாத்தான் கண்ணு தண்ணி தாராளமா வரும். கீழ இருந்தா அடைச்சுக்கும். இவ்வளவு பேருக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுருச்சா?"

சிரித்தார்கள். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஓரம் நிறுத்தினாள்.

பால் பொங்கியது. பெட்டியைத் திறந்து குஞ்சுகளை விட்டார்கள். டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். அப்போதுதான் குரல் கேட்டது. அத்தை வந்துவிட்டாள். கிணற்று மேட்டுக்குள் வரவில்லை. அந்தப் பக்கத்து வரப்பிலேயே நின்றாள். அங்கிருந்து கத்தினாள்.

"அண்ணா, டப்பாவ எடுங்க. மண் சட்டிய வெய்யிங்க. தண்ணி நிக்காது. எடுங்கண்ணா."

பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா ஓடினாள். வரப்பில் அவள் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. வரப்பைத் தாண்டவும் இல்லை.

தாண்டியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் கொட்டாய். ஆனால் அத்தையும் அந்த ஊரில் பிறந்தவள்தான். அவள் காலுக்கும் அந்த வரப்பு தெரியும்.

"நல்ல நேரத்துல இப்படியா" என்று யாரோ சொன்னார்கள். அப்பா எல்லோரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு. ஏழெட்டுப் பந்தி நடந்தது. கொட்டாயில் ஆள் இல்லை. டப்பாக்கள் தண்ணீரை முழுக்கக் கக்கின. கடலைத் தோல் ஊறிச் சகதி ஆனது. குஞ்சுகள் அதில் மிதித்து நனைந்தன. தை மாதத்துக் காற்று கிணற்று மேட்டில் சும்மா இருக்காது.

பொழுதோடு அத்தை வரலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். பொழுதோடு வந்தாள். ஈரத் தோலை முறத்தால் அள்ளி வெளியே போட்டாள். நெருப்புக் கூட்டினாள். தன் சேலையைக் கிழித்துக் குஞ்சுகளைத் துடைத்தாள். கால் பங்குகூட மிஞ்சவில்லை. விடிந்ததும் நான் கூடையை எடுத்தேன். கூடை போதவில்லை. சாக்கு கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது கனத்தது.

அப்பா கொட்டாய் வாசலில் நின்று பார்த்தார். சட்டியையோ டப்பாவையோ பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார்.

"வாய வெச்சுத் தொலைச்சுட்ட" என்றார்.

அவ்வளவுதான். ஊரும் அதையே சொன்னது. நல்ல நேரத்தில் அறுத்தவள் குரல் கேட்டது, குஞ்சு செத்தது. ஓட்டை மேலே இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நான் சின்னப் பிள்ளை.

தகரக்காரருக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்தார். மாட்டுக் கொட்டகையில் சும்மா பார்ப்பது போல அத்தையின் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். உடைப்பை விரலால் அளந்துவிட்டுப் போனார். அடுத்து வந்த டப்பாவில் எல்லாம் ஓட்டை கீழே இருந்தது. அதற்கப்புறம் அவருக்கு அந்த வேலைதான். ராசிபுரம், தம்மம்பட்டி வரைக்கும் அவர் டப்பா போனது என்பார்கள். விளக்கும் புனலும் செய்வதை விட்டுவிட்டார்.

கொட்டாய் அத்தைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொட்டாய்ப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். கூலிக்கு ஆள் வைத்தார்கள். சாட்சி என்று அத்தை சொன்ன தீவனக்காரர் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அத்தை கேட்கவும் கேட்டாள்.

"ஏனுங்க, சாட்சிக்காரரே."

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "குடும்ப விசயமுங்க, நான் என்ன சொல்றது" என்றார்.

அத்தை சாணி அள்ளப் போனாள். ஏப்பச் சட்டியை உடைத்துப் போடுவாள் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. சாய்ப்புக்குப் பின்னால் நான்கைந்து நாட்டுக் கோழி வைத்திருந்தாள். அவற்றுக்கு அதில்தான் தண்ணீர். அடுப்படி வாசலில் வட்டலோடு உட்காருவதும் நிற்கவில்லை. சாகிற வரைக்கும் நிற்கவில்லை. அம்மா போன பிறகு கரண்டி தம்பி பெண்டாட்டி கைக்குப் போனது. அதுதான் மாற்றம்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அத்தைக்குக் கண் தெரியவில்லை. கையைத் தடவி ஆள் கண்டுகொண்டாள். தம்பி பண்ணையில் பெரிய ஷெட் போட்டிருந்த சமயம். கோழி இரைச்சல் சாய்ப்பு வரைக்கும் வந்தது.

"எம் பேர ஒருக்காச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் சாமி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அந்த மலைக்காரி பேரு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாதுங்கத்தை."

"எனக்கும் தெரியாது" என்றாள். "கேக்கவே இல்ல பாரு."

அத்தை போனபோது தம்பி கூட்டம் கூட்டவில்லை. ஷெட்டுக்குக் குஞ்சு இறங்குகிற நாள். சீக்கிரம் எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் தம்பி வீட்டு விசேசத்துக்குப் போனேன். ஆபீசுக்குக் கூட்டிப் போனான். காலேஜ் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அப்பா ஒரு நாள் உட்கார்ந்து யோசித்த கதையைச் சொன்னான். பொம்பளைப் பிள்ளை ஒன்று, "நீங்க பாத்திருக்கீங்களா பாட்டி?" என்று என்னைக் கேட்டது. பார்த்திருக்கிறேன் என்றேன். அதற்குமேல் தம்பி பேசவிடவில்லை.

அவர்கள் போட்டோ பிடித்து முடித்ததும் நான் பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். முதல் நாள் வண்டியில் வந்த டப்பா அது. எப்படியோ பரணில் தங்கிவிட்டிருக்கிறது. அப்பாவின் நினைவாகத் தம்பி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறான்.

ஓட்டை தட்டு விளிம்புக்கு மேலே இருக்கிறது. என் சின்ன வயது விரலுக்கு இரண்டு விரல்.

எத்தனையோ பேர் வந்து பார்க்கிறார்கள். ஒருவரும் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை.